எரிந்து முடிந்தபின் ஏறிய நீர்

விஞ்ஞானப் பாடத்தில் சில சோதனைகள் சிரஞ்சீவித் தன்மை பெற்றவை. ஆட்சிகள் மாறலாம், பாடத்திட்டங்கள் மாறலாம், பாடநூல்களின் அட்டையும் அச்சும் விலையும் மாறலாம். ஆனால் ஒரு தட்டில் சிறிது நீரை ஊற்றி, அதன் நடுவே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி நிறுத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து நீர் டம்ளருக்குள் ஏறுகிறது என்னும் சோதனை மட்டும், தலைமுறை தலைமுறையாக, ஏறக்குறைய ஒரே படத்தோடும் ஒரே வாசகத்தோடும் நூல்களில் வந்துகொண்டே இருக்கிறது. அதன் வயதும் சாமானியமானதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபைலோ என்னும் கிரேக்க யந்திர நிபுணர் இதைத் தம் நூலில் வருணித்திருக்கிறார். பாத்திரத்திலிருந்த காற்றின் ஒரு பகுதி நெருப்பாக மாறி, கண்ணாடியின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிட்டது என்று காரணமும் கூறியிருக்கிறார்.

காட்சி அன்றும் இன்றும் ஒன்றே. காரணம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நம் காலத்தில் பல பாடநூல்களிலும் வழிகாட்டி நூல்களிலும் சொல்லப்பட்டுவந்த காரணம் இது: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, சுடர் அந்தப் பங்கைத் தின்று தீர்த்துவிடுகிறது, காலியான இடத்துக்கு நீர் ஏறுகிறது, ஆகவே டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு நீர் நிற்கும். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்கான நியாயம்! இதிலுள்ள ஒரே குறை, இது உண்மையன்று என்பதுதான்.

இந்தச் சோதனையைத் தம் பயிற்சிக் காலத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புக்கு எடுத்துச்சென்ற பி.எட். மாணவி ஒருவர், அங்கே நிகழ்ந்தவற்றை எனக்கு விஸ்தாரமாகச் சொன்னார். அவர் பெயரையோ ஊரையோ இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவருடைய அநுபவம் அவர் ஒருவருக்கே உரியதுமன்று. ஆனால் 'செய்து கற்றல்', 'ஆராய்ந்து கற்றல்' என்று கல்வி மாநாடுகளில் இடைவிடாமல் ஒலிக்கும் சொற்களுக்கு, நாற்பது குழந்தைகள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் என்ன பொருள் என்பதை, பல பிரசங்கங்களைவிட அவருடைய அந்த ஓர் அநுபவம் எனக்குத் தெளிவாக விளக்கிற்று.

முதலில் அவருடைய நிலையைச் சிறிது சொல்ல வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு, ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகளின்படி இரண்டாண்டுப் படிப்பாயிற்று. இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரங்கள் ஒரு பள்ளியில் தங்கிப் பணி பழக வேண்டும் என்பதும் அவ்விதிகளில் ஒன்று. அந்த வாரங்களில் பயிற்சி ஆசிரியரின் வாழ்க்கை காகிதத்தால் ஆனது என்று சொன்னால் மிகையாகாது. ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக்குறிப்பு எழுதி ஒப்பம் வாங்க வேண்டும். சார்ட் வரைய வேண்டும். ரெக்கார்டு நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். வகுப்பிலோ அவர் முழு ஆசிரியருமல்லர், மாணவருமல்லர். குழந்தைகள் 'பி.எட். மிஸ்' என்று அழைப்பார்கள். அந்த அடைமொழியிலேயே, இவர் சில வாரங்களில் போய்விடுவார் என்னும் ஞானமும், இவரிடம் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையும் அடங்கியிருக்கும்.

கல்லூரியில் அவர் ஆராய்ந்து கற்கும் முறையைப் படித்திருந்தார். எப்படிப் படித்தார் என்பதுதான் வேடிக்கை. அம்முறையின் படிகள் ஐந்து, நன்மைகள் எட்டு, வரையறைகள் ஆறு என்று விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, மனனம் செய்து, பரீட்சையில் ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருந்தார். கேட்டு எழுதுவதால் விஞ்ஞானம் வாராது என்னும் சித்தாந்தத்தையே கேட்டு எழுதிக் கற்பிக்கும் இந்த விநோதம் நம் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் ஆசிரியர் கல்வியைப் பீடித்துள்ள பழைய வியாதி அது.

அவருடைய பாடக்குறிப்பில் மெழுகுவத்திச் சோதனையும், அதன் கீழே எதிர்பார்க்கப்படும் முடிவும் முறைப்படி எழுதப்பட்டிருந்தன: 'நீர் ஐந்தில் ஒரு பங்கு உயர்கிறது, எனவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு உள்ளது.' முன்னாள் இரவு விடுதியில் அவர் ஒருமுறை செய்து பார்த்தபோது நீர் கால் பங்குக்கும் மேலே ஏறிற்று. டம்ளர் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருப்பதால் அளவு பிசகுகிறது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுநாள் எல்லாப் பக்கமும் ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாட்டில்களைத் தேடிச் சேகரித்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றார்.

குழந்தைகளை ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டும், ஒரு பாட்டிலும், துண்டு மெழுகுவத்தியும், மஞ்சள்தூள் கரைத்த நீரும் கொடுத்தார். பாட்டிலின் உயரத்தை ஐந்து சம பாகமாகக் குறித்த காகிதப் பட்டை ஒன்றும் வெளியே ஒட்டப்பட்டிருந்தது. முடிவு ஆறு குழுக்களுக்கும் ஆறு விதமாக வந்தது. ஒரு குழுவில் நீர் முதற் கோட்டைத் தொடவே இல்லை. இன்னொன்றில் இரண்டாம் கோட்டை நெருங்கிற்று. முதற் கோட்டில் சரியாக நின்ற ஒரே குழுவின் தலைவன், தான் பாஸாகிவிட்டதாக எண்ணிக் கைதூக்கிக்கொண்டு நின்றான்.

இந்த இடத்தில் அவர் செய்திருக்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதும் அதுதான். சரியான குழுவைப் பாராட்டி, மற்றவர்களிடம் 'நீங்கள் கவனமாகச் செய்யவில்லை' என்று சொல்லி, பாடக்குறிப்பிலுள்ள முடிவைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலும் அது செயல்வழிப் பாடம் என்றே பதிவேட்டில் ஏறியிருக்கும். குழந்தைகளின் கைகள் நனைந்திருந்தனவே! அச்சிட்ட கோலத்தின்மேல் மாவை இழுப்பது போன்ற அவ்வகைச் சோதனைகளைத்தான் நாம் பெரும்பாலும் செயல்முறைக் கல்வி என்று கொண்டாடுகிறோம். இவருக்கோ முந்திய இரவின் கால் பங்கு மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. ஆகையால் அவர் முடிவை எழுதாமல், ஆறு குழுக்களின் அளவுகளையும் வரிசையாகப் பலகையில் எழுதிவிட்டு, "ஏன் இப்படி வேறுவேறாக வருகிறது? இன்னொரு தடவை செய்து, கண்ணை எடுக்காமல் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் முறை குழந்தைகள் கண்டவற்றைக் கேளுங்கள். "மிஸ், எரியும்போது தண்ணி ஏறவே இல்ல, அணைஞ்ச பிறகுதான் கிடுகிடுன்னு ஏறுது" என்றான் ஒரு பையன். பிராணவாயு செலவாகச் செலவாக நீர் ஏறுவதாயின், சுடர் எரியும் காலமெல்லாம் அது சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டுமல்லவா? பாட்டிலைக் கவிழ்த்த உடனே அதன் விளிம்பின் கீழிருந்து குமிழிகள் வெளியேறியதை ஒரு சிறுமி கண்டாள். கண்ணாடியின் உட்புறம் பனி படிந்ததுபோல் மங்கியதை மற்றொருத்தி விரலால் துடைத்து, ஈரத்தைக் காட்டினாள். எரியும் மெழுகிலிருந்து நீர் பிறக்கிறது என்னும் இவ்வுண்மையைத்தான் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, சிறுவர்களுக்காக நிகழ்த்திய மெழுகுவத்திச் சொற்பொழிவுகளில் செய்து காட்டினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பத்தை விளைவித்தவர்கள் கடைசி வரிசைக்காரர்கள். பக்கத்துக் குழுவின் மெழுகுவத்தியையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு, ஒரே பாட்டிலுக்குள் இரண்டை ஏற்றி வைத்துவிட்டார்கள். நீர் முன்னைவிட உயரமாக ஏறிற்று. பாட்டிலில் அடைபட்ட காற்று அதே காற்று. அதிலிருந்த பிராணவாயுவும் அதே அளவு. சுடர் இரண்டானதால் பிராணவாயு எப்படி இரட்டிக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்டது ஆசிரியை அல்லர். மெழுகுவத்தியைப் பறிகொடுத்த குழுவைச் சேர்ந்த ஒரு சிறுமி, கோபத்தோடு கேட்டாள்.

அறிவு வரும் வழிகளைப் பிரத்தியட்சம், அநுமானம், ஆப்தவாக்கியம் என்றெல்லாம் பகுத்து வைத்தவர்கள் நம் பழைய தார்க்கிகர்கள். மணிமேகலையில் அளவைவாதி தன் மதத்தை எடுத்துரைக்கத் தொடங்கும்போது, உலகம் எத்தகையது என்று சொல்வதற்கு முன்பே பிரமாணங்கள் எத்தனை என்றுதான் எண்ணிக் கூறுகிறான். நம் பள்ளிக்கூடத்து விஞ்ஞானத்தில் மாணவனுக்கு மிஞ்சியிருக்கும் பிரமாணம் ஆப்தவாக்கியம் ஒன்றே. பாடநூல் சொல்கிறது, ஆகவே அது உண்மை. அன்று அந்த வகுப்பில் பிரத்தியட்சம் ஆப்தவாக்கியத்தோடு மோதிற்று. அப்படி மோதும் கணத்தில்தான் ஆராய்ச்சி என்பது உண்மையில் தொடங்குகிறது என்பதும், கை வேலை அதற்கு வாசலே தவிர வீடு அன்று என்பதும் என் அபிப்பிராயம்.

உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் வாசகரைத் தவிக்கவிடுவது தர்மமன்று. மெழுகு எரியும்போது பிராணவாயு வெறுமனே மறைந்துபோவதில்லை. மெழுகிலுள்ள கரியோடு சேர்ந்து கரியமிலவாயுவாகவும், நீரகவாயுவோடு சேர்ந்து நீராவியாகவும் மாறுகிறது. நீராவி குளிர்ந்து துளியாகிவிடும். ஆனால் செலவாகும் பிராணவாயு மூன்று பங்கு என்றால், ஏறக்குறைய இரண்டு பங்கு கரியமிலவாயு அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அதோடு, பிராணவாயு முழுவதும் தீரும்வரை சுடர் எரிவதும் இல்லை. நூற்றுக்கு 21 பங்கு இருந்த பிராணவாயு 16 பங்கு அளவுக்குக் குறைந்த உடனேயே மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. ஐந்து பங்கு போய் மூன்று பங்குக்கு மேல் திரும்பி வந்தால், உண்மையான குறைவு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அப்படியானால் இவ்வளவு நீரை மேலே ஏற்றியது எது? உஷ்ணம். கவிழ்க்கும்போதே சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து, ஒரு பகுதி குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. இரண்டு சுடரென்றால் வெப்பம் அதிகம். வெளியேறும் காற்றும் அதிகம். ஏறும் நீரும் அதிகம். சிறுவர்கள் கண்ட எதுவும் இந்த விளக்கத்தில் விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாடநூல் விளக்கத்திலோ அவர்கள் கண்ட எதற்கும் இடமில்லை.

இதையெல்லாம் அவர் அன்று சொல்லிவிடவில்லை. சொல்வதற்கு அவருக்கே அப்போது முழுதும் தெரியாது. 'சூட்டினால்தான் ஏறுகிறது என்றால், மெழுகுவத்தியே இல்லாமலும் ஏற வேண்டுமே' என்று பையன்களில் ஒருவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பாத்திரம் வெந்நீர் வாங்கிவரச் செய்தார். வெற்றுப் பாட்டிலை அதற்குள் வாய் நனையாதபடி சிறிது நேரம் நிறுத்திச் சூடேற்றி, துணியால் பிடித்துத் தூக்கித் தட்டில் கவிழ்த்தார்கள். பாட்டில் ஆற ஆற மஞ்சள் நீர் ஒரு விரற்கடை அளவுக்கு ஏறி நின்றது. நெருப்பும் இல்லை, எரிதலும் இல்லை. நீர் மட்டும் ஏறியிருக்கிறது. இந்தச் சோதனை அவர் பாடக்குறிப்பிலும் இல்லை, அவர் பார்த்த எந்த நூலிலும் இல்லை.

ஆனால் உடனே வேறொரு சங்கடம் எழுந்தது. மெழுகுவத்தி பொய்ச் சாட்சி என்றால், காற்றில் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்கு என்பதும் பொய்தானா? அது பொய்யன்று. அதற்குரிய நல்ல சாட்சியைத் தேடியபோதுதான் அவர் ஹென்றி எட்வர்டு ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் ஆங்கிலேய ரசாயனப் பேராசிரியரிடம் வந்து சேர்ந்தார். 1848-இல் பிறந்து 1937-இல் மறைந்த ஆர்ம்ஸ்ட்ராங், மாணவனுக்கு முடிவுகளை ஊட்டாமல், கண்டுபிடிப்பவனின் இடத்தில் அவனை நிறுத்த வேண்டும் என்று தம் வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். அவர் பள்ளிகளுக்கென்று தேர்ந்தெடுத்த ஆராய்ச்சிப் பொருள்களில் அபூர்வமானது எதுவுமில்லை. சாக்குக்கட்டி ஒன்று, இரும்பு துருப்பிடித்தல் மற்றொன்று. நனைந்த இரும்பு அடைபட்ட காற்றில் துருப்பிடிக்கும்போது, பிராணவாயு இரும்போடு சேர்ந்து திடப்பொருளாகிவிடுகிறது. வேறு வாயு எதுவும் அதன் இடத்தைப் பிடிப்பதில்லை. உஷ்ணத்தின் குறுக்கீடும் ஏறக்குறைய இல்லை. ஆகவே நீர் ஏறும் அளவு, பிராணவாயு போன அளவையே காட்டும்.

இரும்புக்கு எங்கே போவது? கடையில் விற்கும் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை வாங்கி வந்தார். அது துருவேறா எஃகு, எத்தனை நாள் வைத்தாலும் பளபளவென்றே இருந்தது. வகுப்பில் ஒருவனுடைய சித்தப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். அங்கே கடைசலில் உதிரும் இரும்புத் துகள் ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. அதிலும் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் பட்ட இரும்பு எளிதில் துருப்பிடிக்காது. சோப்புத்தூள் போட்டுக் கழுவி, உப்பு நீரில் நனைத்து, மெல்லிய துணியில் முடிந்து, சோதனைக் குழாயின் அடியில் செருகி, குழாயை நீரில் கவிழ்த்து ஜன்னலோரம் வைத்தார்கள். பக்கத்திலேயே, இரும்புக்குப் பதிலாக மணல் முடிச்சு வைத்த இன்னொரு குழாயும் நின்றது. வெறும் நனைவினால்தான் நீர் ஏறுகிறது என்று பின்னால் யாரும் ஆட்சேபிக்காமல் இருக்கவே இந்த முன்னேற்பாடு. சில நாட்களில் இரும்புக் குழாயில் நீர் மெல்ல மெல்ல ஏறி, முதற் கோட்டை ஒட்டி நின்றுவிட்டது, அதற்குமேல் நகரவில்லை. மணற் குழாயில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் பாடம் இரண்டு வாரப் பாடமாக நீண்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த நீட்சியில்தான் கஷ்டங்களும் வந்தன. வழிகாட்டி ஆசிரியர் நல்லவர். என்றாலும் காலாண்டுப் பரீட்சைக்கு முன் 'போர்ஷன்' முடிய வேண்டுமே என்ற கவலை அவருக்கு நியாயமாகவே இருந்தது. கல்லூரியிலிருந்து பார்வையிட வந்தவர், கையில் மதிப்பீட்டுப் படிவத்தோடு கடைசி பெஞ்சில் அமர்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார். பாட அறிமுகம், துணைக்கருவி, கரும்பலகைப் பயன்பாடு, வகுப்புக் கட்டுப்பாடு, தொகுத்துரைத்தல் என்று அப்படிவத்தில் கட்டங்கள் இருந்தன. வகுப்பில் சத்தம் அதிகம், பாடம் முடிவுக்கு வரவில்லை என்று அவர் குறித்துவிட்டுப் போனார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஒரு குழந்தை தன் கண்ணால் கண்டதைப் பாடநூலுக்கு எதிராக நிறுத்திய கணத்தைப் பதிவு செய்ய அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

பயிற்சி ஆசிரியையிடம், மிகவும் கடினமாயிருந்தது எது என்று நான் கேட்டபோது, உபகரணங்களைத் தேடியதையோ காலக் குறைவையோ அவர் சொல்லவில்லை. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என்றார். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கப் பேராசிரியை, விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970-களில் வெளியிட்ட முடிவுகள் இதற்குச் சான்றாகின்றன. ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று அவர் கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டினால் போதும். விடைகள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாத குழந்தைகள் பேசத் தொடங்குகிறார்கள், குழந்தைகள் கேட்கும் கேள்விகளும் பெருகுகின்றன. மூன்று விநாடி மௌனம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பின் முன்னே நின்று, பின்னால் ஒருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கையில் அதை அநுஷ்டித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எத்தனை நீளமென்று தெரியும்.

நம் நாட்டில் இந்த முறை பெரிய அளவில் நடத்திப் பார்க்கப்படாததன்று. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், 1972-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரண்டு தொண்டு நிறுவனங்கள் அதை ஆரம்பித்தன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தையும் டில்லிப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள் கைகொடுத்தனர். 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. 1982 முதல் அதை நடத்தும் பொறுப்பு ஏகலவ்யா என்னும் புதிய ஸ்தாபனத்துக்கு வந்தது. 'பால வைஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூலில் சோதனைகளும் கேள்விகளும் இருக்குமே தவிர விடைகள் இரா. விடை குழந்தையின் நோட்டில் உருவாக வேண்டும். பரீட்சைக்கு நூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சோதனை செய்து காட்டும் பகுதியும் உண்டு. சவாலீராம் என்னும் கற்பனைப் பெரியவருக்குக் குழந்தைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதுவார்கள், பதிலும் வரும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1978-இல் தம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இங்கே வந்துதான், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் இணைத்து வடிவங்கள் செய்யும் யுக்தியைக் கண்டார்.

இத்திட்டத்தின் சிறப்பு விலை மலிந்த உபகரணங்களில் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடை விடுமுறையில் ஆசிரியர்களே மாணவர்களாகி, குழுக்களாக அமர்ந்து, அந்த நூலின் ஒவ்வொரு சோதனையையும் தம் கையால் செய்து, தோற்று, தர்க்கம் செய்து, மறுபடியும் செய்தார்கள். பிறகு மாதந்தோறும் கூடி, வகுப்பில் நேர்ந்த சிக்கல்களைப் பேசினார்கள். 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த ஒரு காரியத்தை ஓர் உத்தரவில் நிறுத்திவிட முடியும் என்பது கல்வித் துறையில் ஆச்சரியமான செய்தியன்று.

தமிழ்நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அதன் 'துளிர்' இதழும், அரசுப் பள்ளிகளுக்காக 2022-இல் அரசு தொடங்கிய வானவில் மன்றமும் குழந்தைகளின் கைக்குச் சோதனைகளைக் கொண்டுவந்திருக்கின்றன. ஆசிரியராகப் போகிறவருக்கு, ஆசிரியராவதற்கு முன்பே, விடை தெரியாத ஒரு சோதனையின் முன் உட்கார்ந்து தவிக்கும் வாய்ப்பை நம் பயிற்சிக் கல்லூரிகள் அளிப்பது எப்போது என்பதே என் கேள்வி. அந்தத் தவிப்பை அநுபவித்திராதவர், குழந்தையின் தவிப்பைக் கண்டவுடன் பரிவினால் விடையைச் சொல்லிவிடுவார்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக் கூடாது. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் பயன் தராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006-இல் எழுதிய கட்டுரை கல்வி உலகில் பெரிய விவாதத்தைக் கிளப்பிற்று. புதிதாகக் கற்பவனின் மனம் ஒரே சமயத்தில் தாங்கக்கூடியது மிகச் சொற்பம். அவனைத் தனியே தேடவிட்டால், தேடுவதிலேயே அவன் சக்தி வீணாகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஆர்ம்ஸ்ட்ராங் காலத்திலேயே இதற்கு இணையான ஆட்சேபம் உண்டு: மனிதகுலம் பல நூற்றாண்டுகளில் கண்டறிந்ததையெல்லாம் ஒரு சிறுவன் சில வருஷங்களில் மறுபடியும் கண்டறிய வேண்டுமா? வேண்டியதில்லை. தட்டையும் மெழுகுவத்தியையும் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டால், குழந்தைகள் மெழுகை உருக்கி விளையாடிவிட்டுப் போவார்கள். ஆனால் நாம் பார்த்த வகுப்பில் வழிகாட்டல் குறைவாகவா இருந்தது? அளவுகளை வரிசையாகப் பலகையில் எழுதியது வழிகாட்டல். மறுபடி பார்க்கச் சொன்னது வழிகாட்டல். மணற் குழாயை உடன் வைத்தது வழிகாட்டல். இரும்பு துருப்பிடிக்கும்போது பிராணவாயுவுக்கு என்ன நேர்கிறது என்பதை, குழந்தைகள் வாதாடிக் களைத்தபின், அவர் தம் வாயாலேயே நேரடியாகச் சொல்லியும் கொடுத்தார். சொல்வது பாவமன்று. கேள்வி பிறப்பதற்கு முன்னே விடையைச் சொல்லுவதால்தான் அது கேட்பவர் மனத்தில் தங்குவதில்லை.

பயிற்சி முடியும் வாரத்தில் அவர் இன்னொரு சோதனையை வைத்தார். வீட்டிலே செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். நீர் வேண்டாம். உயரமான மெழுகுவத்தி ஒன்று, குட்டையான மெழுகுவத்தி ஒன்று. இரண்டையும் ஏற்றி, பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றால் மூட வேண்டும். முதலில் அணைவது எது என்று கவிழ்ப்பதற்கு முன்பே குழந்தைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினார். கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது என்று படித்திருந்ததால், அது அடியில் தங்கிக் குட்டையானதைத்தான் முதலில் அணைக்கும் என்று ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினார்கள். அணைந்தது உயரமானது.

நூல் பொய் சொல்கிறது என்று இரண்டொருவர் உடனே தீர்ப்பளித்தார்கள். நூல் சொல்வது மெய்தான், ஆனால் சுடரிலிருந்து வருவது சூடான வாயு, சூடான வாயு முதலில் மேலேதானே போகும் என்று கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து சொன்னான். தீயணைப்பு நிலையத்தார் பள்ளிக்கு வந்து ஒத்திகை காட்டியபோது, புகை சூழ்ந்த அறையிலிருந்து தரையோடு தவழ்ந்து வெளியேறச் சொன்னதை ஒரு சிறுமி ஞாபகப்படுத்தினாள். அப்படியானால் அந்த வாயு ஆறிப்போனபின் கீழே இறங்குமா, ஜாடியை உயரமாகவும் ஒடுக்கமாகவும் எடுத்தால் குட்டை மெழுகுவத்தி இன்னும் சீக்கிரம் அணையுமா, தாமதமாகுமா என்று மூன்றாமவன் கேட்டான். மணி அடித்துவிட்டது. வழிகாட்டி ஆசிரியர் அந்தக் கேள்வியைத் தம் நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு ஓர் ஒடுக்கமான ஜாடி கொண்டுவர யாரால் முடியும் என்று வகுப்பைக் கேட்டார்.